மெழுகண்ணன் சொல்லிக் காட்டிய பெயர்

பல்செட் செய்யும் வேலையில் முப்பது வருஷம் ஓட்டியவர் அவர். வேலை பார்த்த இடம், பல் மருத்துவமனையின் இரண்டாம் மாடியில் ஒற்றை ஜன்னல் வைத்த ஓர் அறை. கீழே மருத்துவர் நோயாளியின் வாயில் அச்செடுத்து ஒரு டப்பாவில் போட்டு மேலே அனுப்புவார். டப்பாவின் மேல் பெயர் இருக்காது, எண்தான். அச்சில் பிளாஸ்டரை ஊற்றி, அது இறுகியதும் மெழுகில் ஈறு கட்டி, பல் பல்லாக நட்டு, அரம் போட்டு மெருகேற்றி அதே டப்பாவில் கீழே அனுப்பிவிடுவார். "நம்மகிட்ட வாய் வரும், ஆள் வரமாட்டாங்க" என்பார். பஸ்ஸில் எதிரே உட்கார்ந்து சிரித்த ஓர் அம்மாளின் வாயில் இருப்பது தன் கைவேலையோ என்று எட்டிப் பார்க்கப்போய், முறைப்பு வாங்கிக்கொண்டு அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கியதும் உண்டு.

அவருக்கே முன்பற்கள் நான்கு கிடையாது. தட்டு நிறைய அச்சுகளோடு படியில் உருண்ட அன்று போனவை. அச்சுகளைக் காப்பாற்றிவிட்டார். பற்களுக்குப் பதிலாகத் தானே ஒரு பிளேட் செய்து மாட்டிக்கொண்டார். அது இல்லாமல் அவரைப் பார்த்தது மனைவி மட்டும்தான்.

மெழுகண்ணன் என்பது செல்போனில் அவர் இருந்த குழு வைத்த பெயர். பல ஊர்களில் இதே தொழில் செய்யும் நூற்றெண்பது பேர் அதில் இருந்தார்கள். முதலாளிகளும் ஒளிந்திருந்து படிக்கக்கூடும் என்பதால் யாரும் சொந்தப் பெயரில் வருவதில்லை. பெரிய மருத்துவமனையில் வேலை பார்த்த பெண்மணி ஈறு அக்கா. எதற்கெடுத்தாலும் கிண்டலடிக்கும் நாற்பது வயதுக்காரர் பிளாஸ்டர். அந்தக் குழுவில் ஒரு நாள் புதிதாக ஒருவர் சேர்ந்தார். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் இப்படி இருந்தது: ஹ்ஃபிங்ஹ்.

"வணக்கம், வாங்க" என்று எழுதிய பிளாஸ்டர் அடுத்த வரியிலேயே ஆரம்பித்துவிட்டார். "இது பேரா, சைக்கிள் டியூப்ல காத்து போற சத்தமா?"

"எங்க வீட்டு குக்கர் தினமும் இவரைத்தான் கூப்பிடுது. மூணு தடவை கூப்பிட்டதும் அடுப்பை அணைச்சிடுவேன்" என்றார் ஈறு அக்கா.

"சூடா டீயை வாயில ஊத்திக்கிட்டு சொல்லிப் பாருங்க. தானா வரும்" என்றார் இன்னொருவர்.

புதியவரும் சளைக்கவில்லை. "எல்லாரும் கிட்ட வந்துட்டீங்க. இன்னும் கொஞ்சம்தான்" என்று சிரிக்கும் முகம் போட்டார். நீங்களே சொல்லிக் காட்டுங்களேன் என்று கேட்டதற்கு, "நான் சொன்னா உங்களுக்குப் புரியாது" என்றார். அதற்கும் எல்லோரும் சிரித்தார்கள்.

மெழுகண்ணன் மதியச் சாப்பாட்டை முடித்துக் கை கழுவிவிட்டு வந்து இதையெல்லாம் படித்தார். தானும் சொல்லிப் பார்க்க வாய் துறுதுறுத்தது. "தள்ளுங்கப்பா, தொழில் தெரிஞ்சவன் சொல்றேன்" என்று எழுதினார். அறைக் கதவைச் சாத்தினார். பிளேட்டைக் கழற்றி மேசையில் வைத்தார். நாக்கைப் பின்னுக்கு இழுத்து, காற்றை மூக்கு வழியே தள்ளி, அந்தப் பெயரை மூன்று தடவை சொன்னார். கடைசித் தடவை சிரிப்பை அடக்க முடியாமல் அதுவும் சேர்ந்து பதிவானது. மொத்தம் பதினோரு நொடி. அதைக் குழுவில் போட்டார். மாலைக்குள் அறுபத்துநான்கு பேர் சிரித்திருந்தார்கள். வீட்டுக்குப் போய் மனைவிக்குப் போட்டுக் காட்டியபோது அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். உடனே தன் தங்கைக்கும் அனுப்பிவைத்தார்.

மூன்றாம் நாள் புதியவர் அவருக்குத் தனியாக எழுதினார்.

"அண்ணே, உங்களோடதுதான் ரொம்பக் கிட்ட வந்துச்சு. எப்படிப் பிடிச்சீங்க?"

"முப்பது வருஷ அனுபவம், தம்பி" என்று மெழுகண்ணன் பெருமையாகப் பதில் போட்டார்.

"எனக்கு மேல்தாடையில கட்டி வந்து பாதி அண்ணத்தை எடுத்துட்டாங்க. ரெண்டு வருஷம் ஆச்சு. ஓட்டையை அடைக்க ஒரு பிளேட் போட்டிருக்காங்க. ஆனா ஓரத்துல காத்து கசியுது. யாராவது பேர் என்னன்னு கேட்டா என் வாயில வர்றது அதுதான். வர்ற மாதிரியே எழுதிட்டேன்."

நின்றுகொண்டே படித்தவர் ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார். மன்னித்துவிடுங்கள் என்று எழுதி அனுப்பினார்.

"அட, எதுக்குண்ணே? நானே வெச்சுக்கிட்ட பேருதானே. முதல்ல நாலு பேர் சிரிக்கட்டும், அப்புறமா என் பிளேட்டைப் பத்திக் கேக்கலாம்னு இருந்தேன். இப்பக் கேட்டா எல்லாருக்கும் விஷயம் புரிஞ்சிடும். இங்க என்னையும் தொழில்காரன்னு நினைச்சிட்டிருக்காங்க. என் வாயைப் பார்க்காம எங்கிட்ட பேசுற இடம் இது ஒண்ணுதான். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

அண்ணத்தை அடைக்கும் பிளேட்டை மெழுகண்ணன் செய்ததே இல்லை. ஈறு அக்காவுக்குத்தான் அது கைவந்த வேலை. "யார்கிட்டயும் சொல்லமாட்டேன், தம்பி. ஆனா நான் அக்காகிட்ட கேட்டுச் சொல்லட்டுமா? யாருக்குன்னு சொல்லமாட்டேன்" என்று கேட்டார்.

"வேண்டாம்ணே. ரெண்டு வருஷமா எனக்காக வேற யாராவதுதான் பேசிட்டிருக்காங்க. இதையாவது நானே கேக்கணும்."

அன்று மாலை மனைவி, "என்னங்க, தங்கச்சி இன்னொரு தடவை சொல்லச் சொல்றா" என்றபோது, தலைவலி என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் போய்விட்டார்.

கேலி ஓய்ந்தால்தான் அந்த மனிதர் வாய் திறக்க முடியும். மெழுகண்ணன் மறுநாள் காலை முதல் வேலையாகத் தன் பதிவை அழித்தார். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, பிளாஸ்டர் அதைத் திரும்பப் போட்டார். "அண்ணன் கை தவறி அழிச்சிட்டாரு போல. கவலைப்படாதீங்க, என் ரிங்டோனே இதுதான்!"

"போதும், விடுங்கப்பா."

"சொல்றது யாரு பாருங்க! ஆரம்பிச்சு வெச்சது யாருண்ணே?"

அன்று மட்டும் பதினேழு பேர் தங்கள் குரலில் சொல்லி அனுப்பினார்கள். ஒருவர் மேளத்தோடு. புதியவர் ஒவ்வொன்றுக்கும் விடாமல் சிரிக்கும் முகம் போட்டார். அந்த மஞ்சள் முகங்களை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தவருக்கு அன்றைய வேலை ஒன்றும் ஓடவில்லை. நட்ட பற்கள் கோணிக்கொண்டே நின்றன.

உண்மையைச் சொல்ல வழியில்லை. வாக்குக் கொடுத்தாயிற்று. இரண்டு நாள் யோசித்துவிட்டு ஒரு பொய்யைச் சொன்னார். "அந்தப் பதிவை என் பொண்ணு கேட்டுட்டா. பல்லில்லாம இப்படியாப்பா பேசுவீங்கன்னு அழுதுட்டா. எனக்கு மனசே சரியில்லை. தயவு செஞ்சு எல்லாரும் அழிச்சிடுங்க."

வேறு ஊரில் வேலை பார்க்கும் மகள் அதைக் கேட்டது நிஜம். சித்தி வழியாகப் போய்ச் சேர்ந்திருந்தது. அவள் அழவில்லை. 'சூப்பர்ப்பா' என்று எழுதியிருந்தாள்.

முதலில் பிளாஸ்டர், "அண்ணே, என்னைச் செருப்பால அடிங்க. ரிங்டோனை மாத்திட்டேன். போன்லயும் அழிச்சிட்டேன்" என்றார். ஈறு அக்கா, "பல்லில்லாதவங்களாலதான் நம்ம அடுப்பு எரியுது. நாமளே இப்படிப் பண்ணலாமா? மன்னிச்சிடுங்கண்ணே" என்றார். ஒருவர் பின் ஒருவராக மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்தார்கள். வேறொருவருக்குப் போக வேண்டியது அத்தனையும் தன் வாசலில் வந்து இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார் மெழுகண்ணன். மன்னிப்புகள் நாற்பதைத் தாண்டிய பிறகு இது வந்தது:

"மன்னிச்சிடுங்க மெழுகண்ணே. நானும் சிரிச்சுட்டேன்." எழுதியவர் புதியவர்.

கையில் இருந்த மெழுகுக் கத்தியை மெழுகண்ணன் விளக்கில் காட்டிக்கொண்டே இருந்தார். அந்தச் சூட்டோடு மெழுகில் வைத்ததும், வரிசையாக நட்டிருந்த ஆறு முன்பற்களும் சரிந்து ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்தன. அந்த டப்பாவை அன்று கீழே அனுப்ப முடியவில்லை. மருத்துவர் ஆள்விட்டுக் கேட்டபோது, உடம்பு சரியில்லை என்றார்.

நான்கு நாள் கழித்துப் புதியவர் குழுவில் எழுதினார். "ஒரு கேஸ் இருக்கு. மேல் அண்ணம் பாதி இல்லை. பிளேட்டுக்குப் பின்னாடி வலது ஓரத்துல காத்து கசியுது. ஆள் பொறுமைசாலி, எத்தனை தடவை வேணும்னாலும் வருவாரு. என்ன செய்யலாம்?"

ஈறு அக்கா உடனே வந்துவிட்டார். எத்தனை வருஷமாச்சு, தண்ணி குடிச்சா மூக்குல வருதா, ராத்திரி கழற்றி வைக்கிறாரா என்று வரிசையாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் வந்தது. பிறகு அக்கா சொன்னதைப் பார்த்து மெழுகண்ணன் கைவேலையைக் கீழே வைத்தார். "அவரை ஒண்ணுல இருந்து பத்து வரைக்கும் எண்ணச் சொல்லிப் பதிவு பண்ணி அனுப்புங்க. காதால கேட்டாத்தான் எனக்குப் பிடிபடும்."

முக்கால் மணி நேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு வந்தது. மெழுகண்ணன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு கேட்டார். ஒவ்வொரு எண்ணுக்கும் முன்னால் எச்சில் விழுங்கும் ஓசை. மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு சொன்ன ஒன்று. மூக்கில் பாதி, வாயில் பாதியாக நாலு, ஐந்து. 'பத்து' முதல் தடவை வரவில்லை. இரண்டாம் தடவையும் வரவில்லை. மூன்றாவதாக வந்தது ஏறக்குறைய அது மாதிரி. தான் கதவைச் சாத்திக்கொண்டு எழுப்பிய ஒலி அப்படியே அதில் இருந்தது. யாராவது கண்டுபிடித்துவிடுவார்களோ என்று காத்திருந்தார். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க யாரிடமும் அந்தப் பதிவு இல்லை.

"பாவம், எவ்வளவு கஷ்டப்படுறாரு" என்று பிளாஸ்டர் எழுதினார்.

"பின்னாடி வலது ஓரத்துல மெல்லிசா மெழுகு வெச்சு, சூட்டோட போட்டு அவரை விழுங்கச் சொல்லுங்க. எங்க பத்தலைன்னு மெழுகே காட்டும். நாலஞ்சு தடவை பண்ணணும். சரியாயிடும்" என்று ஈறு அக்கா எழுதினார். "மெழுகண்ணே, நீங்க என்ன சொல்றீங்க?"

"அக்கா சொல்றது சரி" என்று மட்டும் எழுதினார் மெழுகண்ணன். 'அவர்கிட்ட சொல்லுங்க' என்று ஆரம்பித்து, மேலே என்ன சொல்லச் சொல்வதென்று தெரியாமல் அழித்தார்.

சற்று நேரத்தில் தனியாக ஒரு செய்தி வந்தது.

"கேட்டீங்களாண்ணே? யாருமே சிரிக்கலை."