மூன்றாம் மிஷினின் முட்டைகள்

கோழிக்குஞ்சு பொரிப்பகத்தில் அவளை விளக்கு அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பத்தொன்பது வருஷமாக அவள் பார்த்த வேலை ஒன்றே ஒன்று. இருட்டறையில் உட்கார்ந்து முட்டையை விளக்குக்கு நேரே பிடித்து, உள்ளே கரு வளர்கிறதா என்று சொல்ல வேண்டும். சிவப்பு நரம்பு ஓடினால் உயிர் இருக்கிறது. கலங்கலாகத் தெரிந்தால் போச்சு. அவள் ஒதுக்கிய முட்டையை வேறு யாரும் தூக்கிப் பார்த்ததில்லை.

ஓரகத்தியை அங்கே கூட்டி வந்ததும் அவள்தான். கொழுந்தன் பெண்டாட்டி வீட்டில் சும்மா இருக்கிறாளே என்று மேனேஜரிடம் வாய்விட்டுக் கேட்டாள். வந்தவள் இரண்டு வருஷம் முட்டைத் தட்டு கழுவினாள். அப்புறம் முட்டை அடைவைக்கும் மிஷின்களில் மூன்றாம் மிஷினில் மட்டும், சோதனைக்காக, வயர் இல்லாத ஒரு கருவியை மாட்டினார்கள். உள்ளே எவ்வளவு சூடு, எவ்வளவு ஈரம் என்று அது நிமிஷத்துக்கு நிமிஷம் அனுப்பும். ஆபீஸ் திரையில் கோடு ஓடும். திரையை யார் பார்த்துக்கொள்வது என்று மேனேஜர் கேட்டதும் ஓரகத்தி கையைத் தூக்கினாள். அவளுக்கு நாற்காலி வந்தது, மின்விசிறி வந்தது, "மேடம்" என்ற அழைப்பும் வந்தது.

விளக்கு அக்கா எல்லோர் முன்னாலும் சிரித்து வாழ்த்திவிட்டு, வீட்டுக்கு வந்து பாத்திரங்களைப் போட்டு உடைக்காத குறையாக உருட்டினாள்.

"பாத்திரம் என்னடி பாவம் பண்ணுச்சு?" என்றான் புருஷன்.

"உங்க தம்பி பொண்டாட்டி ஆபீசர் ஆயிட்டா. போய் ஒரு சல்யூட் அடிச்சிட்டு வாங்க."

அந்த மாதமே மூன்றாம் மிஷினில் பொரிப்பு இறங்கியது. நூற்றுக்கு எண்பத்தைந்து பொரிந்த இடத்தில் எழுபதுகூடத் தேறவில்லை. விளக்கு அக்காவுக்கு உள்ளுக்குள் சர்க்கரையாக இனித்தது. வைஃபை அலை பட்டால் செடி வாடும், தேனீ வழி தவறும், கரு தங்காது என்று யாரோ போனில் அனுப்பிய செய்தியை மேனேஜரிடம் காட்டினாள்.

"சார், கதிர்வீச்சு சார். ஓட்டுக்குள்ள இருக்கற பச்ச உசுரு எப்படி தாங்கும்?"

மேனேஜர் யோசித்தார். "பெரிய பெரிய ஆளுங்களே இன்னும் ஆராய்ச்சி பண்ணிட்டுத்தான் இருக்காங்க. நாமளும் வச்சுப் பாத்துடலாம்."

ஒரே பண்ணையின் முட்டை ஆயிரம் வந்தது. பாதி மூன்றாம் மிஷினில், கருவியோடு. பாதி நான்காம் மிஷினில், கருவி இல்லாமல். ஏழாம் நாள் அவளே விளக்கில் பார்த்தாள். இரண்டு பக்கமும் நரம்பு ஒரே மாதிரி கொழுகொழுவென்று ஓடியது. அவள் முகம் செத்துப்போனது.

இருபதாம் நாள் மதியம் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். ஓட்டுக்குள்ளிருந்து கீச்சுக்கீச்சென்ற சத்தம் வர ஆரம்பித்திருந்தது. அவள் மூன்றாம் மிஷின் பக்கம் போனாள். காற்றுத் துவாரத்தின் கைப்பிடியில் கையை வைத்தாள். அடைத்தாள். அப்புறம் சாப்பாட்டின் முன்னால் உட்கார்ந்தாள். சோற்றைப் பிசைந்து பிசைந்து அப்படியே மூடி வைத்தாள். ஒன்றரை மணி நேரம் கழித்து மனசு கேட்காமல் ஓடிப்போய்த் திறந்தாள்.

குஞ்சு பொரிந்ததும் எண்ணிப் பார்த்தார்கள். நான்காம் மிஷினில் நானூற்று இருபத்தேழு குஞ்சு. மூன்றாம் மிஷினில் முந்நூற்றுத் தொண்ணூற்றெட்டு.

"அக்கா சொன்னதுதான் சரி போலிருக்கே" என்றார் மேனேஜர்.

ஓரகத்தி ஒரு தாளோடு வந்தாள். "இது செல்லாது சார். இருபதாம் நாள் மத்தியானம் ஒன்றரை மணி நேரம் உள்ள காத்து போகல. சூடும் ஈரமும் கோட்டுல எப்படி ஏறியிருக்கு பாருங்க."

"யாரு மூடினது?"

"கைப்பிடி லூசு சார். தானா விழுந்திருக்கும். மறுபடி வைக்கலாம்."

கைப்பிடி லூசு இல்லை. அது இரண்டு பேருக்கும் தெரியும்.

வெளியே வந்ததும் விளக்கு அக்கா அவளை மடக்கினாள். "எதுக்குடி பொய் சொன்ன?"

"இது நீங்க வாங்கிக் குடுத்த வேலை அக்கா. நானே உங்களக் காட்டிக் குடுப்பேனா?" அவள் குரலில் குத்தல் இல்லை. "ஆனா உள்ள இருந்தது குஞ்சுங்க. இனிமே வேணாம்க்கா."

திட்டியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டு ஆறியிருக்கலாம். இப்போது நல்லவள் என்ற பட்டமும் ஓரகத்திக்கே போய்விட்டது. விளக்கு அக்காவுக்கு வெட்கம் ஒரு பக்கம் பிடுங்க, எரிச்சல் முன்னைவிட இரண்டு மடங்கானது.

மறுபடி ஆயிரம் முட்டை வைத்தார்கள். இந்தத் தடவை அவள் அந்தக் கைப்பிடியின் பக்கமே போகவில்லை. மூன்றாம் மிஷினில் நானூற்று இருபத்தாறு, நான்காம் மிஷினில் நானூற்று இருபத்து நாலு. முதலில் பொரிப்பு இறங்கியதற்கும் காரணம் தெரிந்தது: அந்த மாதம் மூன்றாம் மிஷினுக்குப் போன முட்டையெல்லாம் வயசான கோழிகளுடையது என்று பண்ணைக்காரரே ஒத்துக்கொண்டார்.

"நம்ம மிஷின்ல கெடுதல் ஒண்ணும் தெரியல. ஊரு உலகத்துக்குத் தீர்ப்பு சொல்ல நாம யாரு?" என்று சொல்லிவிட்டு, மேனேஜர் எல்லா மிஷினிலும் கருவி மாட்டச் சொன்னார்.

குஞ்சுகளைப் பெட்டிக்கு மாற்றும் வேலை விளக்கு அக்காவிடம் வந்தது. இரண்டு குஞ்சு கூடுதலாம், அதுவும் ஓரகத்தி பார்த்துக்கொண்ட மிஷினில். அந்த இரண்டு எவை என்று தெரியாததால் நானூற்று இருபத்தாறையும் முறைத்துக்கொண்டே, ஒன்றின் கால்கூட மடங்காமல் பார்த்துப் பார்த்து எடுத்து வைத்தாள்.

"அக்கா, பஸ்ஸுக்கு நேரமாச்சு. உங்களுக்கும் சீட்டு பிடிச்சு வைக்கட்டா?" என்று வாசலிலிருந்து ஓரகத்தி கேட்டாள்.

"நீ போ. நான் அடுத்த பஸ்ல வரேன்."