அசையாமல் படுத்திருந்தவள்

சங்கமித்ராவைப் பற்றி யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது, அவளுக்கு வாய் போதாது என்பதுதான். எனக்கு இருக்கும் வாயில் பாதி அவளுக்கு இருந்திருந்தால் இதெல்லாம் நடந்தே இருக்காது. பீன்யா தொழிற்பேட்டையில் ஒரு பிரஸ் ஷாப்பில் நாங்கள் இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து மெஷினில் நிற்கிறோம். மோட்டாருக்குள் வைக்கிற தகடுகளை வெட்டித் தள்ளுகிற இடம். தகட்டை வைத்து, கையை எடுத்து, பெடலை மிதித்தால் மெஷின் இடி மாதிரி இறங்கும். நாள் முழுக்க இதே வேலை. காதுக்கு அடைப்பான் கொடுத்திருக்கிறார்கள். அதைப் போட்டால் சூப்பர்வைசர் கூப்பிடுவது கேட்காது, கேட்காவிட்டால் அதற்கும் திட்டு விழும். அதனால் பாதி நேரம் அது கழுத்தில்தான் தொங்கும்.

அவள் ஸ்ரீராமபுரத்திலேயே பிறந்து வளர்ந்தவள். அவள் அப்பா வீட்டில் புத்தர் படத்தைத் தவிர வேறு சாமி கிடையாது. அந்தப் பிடிப்பில் பெண்ணுக்கு இவ்வளவு பெரிய பெயரை வைத்தார், ஷாப்பில் கன்னடக்காரர்கள் அதைச் சுருக்கி மித்ரம்மா ஆக்கிவிட்டார்கள். கணவர் அர்ஜுனன் ஐ.டி. கம்பெனி ஆட்களை ஏற்றி இறக்கும் கேப் ஓட்டுகிறார். குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார். நல்ல மனுஷன் என்று தெருவே சொல்லும். நானும் சொல்லிக்கொண்டிருந்தேன், இப்போது சொல்வதில்லை.

சங்கமித்ராவுக்குக் காதில் இரைச்சல் வந்து சில வருஷம் ஆகிறது. குக்கர் விசில் அடிப்பதற்கு முன்னால் உஸ்ஸென்று ஒரு சத்தம் கிளம்புமே, அதுதானாம். ஆனால் இது விசிலும் அடிக்காது, அடங்கவும் அடங்காது. பகலில் மெஷின் சத்தத்தில் தெரியாது. வீடு அடங்கி விளக்கை அணைத்ததும் காதுக்குள் ஆரம்பித்துவிடும். டாக்டரிடம் போனாள். இதை முழுதாகப் போக்க மருந்து இல்லை, லேசாக ஏதாவது சத்தம் ஓடவிட்டுப் படுத்துக்கொள்ளுங்கள், ஃபேன் சத்தம்கூடப் போதும் என்றார் அவர். ஃபேன் போட்டாள், அர்ஜுனனுக்குச் சளி பிடித்தது. ரேடியோவை மெல்ல வைத்தாள், அவருக்குத் தூக்கம் வரவில்லை. விடியும் முன்னே ஸ்டியரிங் பிடிக்கிற ஆள், தூக்கக் கலக்கத்தில் எங்காவது மோதினால் என்ன செய்வது என்று இரண்டையும் நிறுத்திவிட்டாள்.

அவர்களுடையது ஒற்றை அறை வீடு. இரும்புக் கட்டில், புரண்டால் கிறீச்சென்று கத்தும். அதனால் அவள் புரளாமல் படுக்கப் பழகிக்கொண்டாள். மல்லாந்து படுத்து, கைகளை வயிற்றின் மேல் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, உள்ளே ஓடும் இரைச்சலைக் கேட்டபடி விடியும் வரை கிடப்பாள். என்னிடம் இதைச் சொன்னபோது எனக்குக் கோபம்தான் வந்தது. எழுந்து உட்கார வேண்டியதுதானே, உனக்கென்ன கட்டிலில் கட்டியா போட்டிருக்கிறார்கள் என்று கத்தினேன். அவர் பாவம் அக்கா என்றாள்.

தூங்காத உடம்போடு பிரஸ்ஸில் நிற்பது விளையாட்டு இல்லை. மெஷின் இறங்கும்போது அவள் கை இன்னும் உள்ளேயே இருந்ததை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒரு நூல் தவறியிருந்தால் விரல் போயிருக்கும். அதற்குப் பிறகு அவளுக்கு ஒரே ஒரு ஆசைதான். பேக்கிங்குக்கு மாறிவிட வேண்டும். அங்கே சத்தமும் குறைவு, விரலுக்கும் ஆபத்தில்லை.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் கையில் பேண்ட் கட்டினார்கள். பக்கத்து ஷெட்டில் ஒரு ஆள் தூங்கி வழிந்து மெஷினுக்குள் கையைக் கொடுத்துவிட்டான். மேலிடம் பயந்துபோய், பிரஸ்ஸில் இருக்கிற எல்லாருக்கும் கறுப்பாக ரப்பர் பட்டை போட்ட ஒரு பேண்டைக் கொடுத்தது. தூங்கும்போதும் கழற்றக் கூடாது. எவ்வளவு நேரம் தூங்கினோம், எப்படித் தூங்கினோம் என்று அது மார்க் போடும். பச்சை வந்தால் நல்ல தூக்கம், சிவப்பு வந்தால் கெட்ட தூக்கம். தொடர்ந்து சிவப்பாக வந்தால் அந்த ஆளைப் பேக்கிங்குக்கு மாற்றுவோம் என்று சேஃப்டி ஆபீசர் சேஷகிரி சொன்னார்.

சங்கமித்ரா அன்றைக்குச் சிரித்த சிரிப்பை நான் மறக்கவில்லை. இத்தனை நாள் வாயால் சொன்னதை யாரும் நம்பவில்லை, இனிமேல் மெஷினே சொல்லும் என்றாள். அவள் போன் பழசு, அதில் பேண்டுக்கான ஆப் ஏறவில்லை. அர்ஜுனன் போனில் போட்டுக்கொண்டார்கள். காலையில் எழுந்ததும் மார்க்கைப் பார்ப்பது அவர் வேலையாயிற்று.

எப்போது பார்த்தாலும் பச்சை! பச்சை என்றால் சும்மா பச்சை இல்லை, எங்கள் ஷாப்பிலேயே நல்ல பச்சை. அவள் குழம்பிப் போனாள். ஒருவேளை நான் தூங்கத்தான் செய்கிறேனோ, முழித்திருப்பதாகக் கனவு காண்கிறேனோ என்று என்னிடமே கேட்டாள். ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்தவள், திறந்தபடியே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அக்கா, இது கை ஆடுதா இல்லையான்னுதான் பாக்குது. நான்தான் ஆடவே மாட்டேனே."

புருஷன் தூங்கட்டும் என்று கட்டைபோலக் கிடந்ததற்கு அந்தப் பட்டை கொடுத்த பரிசு இது. அப்படியானால் இன்றைக்கே புரண்டு படு, கையை ஆட்டு, சிவப்பு வரட்டும் என்று யோசனை சொன்னேன். அது ஏமாற்று வேலை அக்கா, உள்ளதைச் சொல்லியே கேட்கிறேன் என்று நேராக சேஷகிரியிடம் போனாள்.

அந்த மனுஷனைக் குறை சொல்ல மாட்டேன். பொறுமையாகக் கேட்டார். பேண்ட் தப்பாகக் காட்டவும் வாய்ப்பு உண்டு, ஆனால் உங்கள் பேச்சை மட்டும் வைத்துக்கொண்டு மாற்ற முடியாது, வீட்டில் கூட இருக்கிறவர் வந்து சொல்லட்டும், அது போதும் என்றார். சங்கமித்ராவுக்கு அப்போதே பேக்கிங்கில் நிற்கிற மாதிரி இருந்தது. வீட்டில் கூட இருக்கிறவர் அர்ஜுனன். அவர் சொல்லாமல் வேறு யார் சொல்வார்? அன்றைக்கு ராத்திரியே அவரை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். இரைச்சல், கட்டில், அசையாமல் கிடந்தது, எதற்காகக் கிடந்தது, எல்லாம். அவரும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

மறுநாள் துவைத்த சட்டை போட்டுக்கொண்டு வந்தார். துணைக்கு நானும் உள்ளே போனேன். சேஷகிரி சுற்றி வளைக்காமல், ராத்திரியில் இவர் தூங்குகிறாரா என்று கேட்டார்.

"நல்லா தூங்குவா சார்," என்றார் அர்ஜுனன். "படுத்தா அசைய மாட்டா. பக்கத்துல படுக்கிறவன், எனக்குத் தெரியாதா?"

அதோடு விட்டாரா? போனை எடுத்து வரிசையாகப் பச்சையைக் காட்டினார். சும்மா ஏதாவது நினைத்துக்கொண்டு பயப்படுகிறாள், நீங்கள்தான் தைரியம் சொல்லணும் என்று வேறு சிபாரிசு செய்தார். நான் குறுக்கே பேசினேன். வீட்டு ஆளே சொல்லும்போது நீங்கள் ஏன் என்றார் சேஷகிரி. சங்கமித்ரா சேஷகிரியையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. அர்ஜுனன் முகத்தையே, முன்பின் தெரியாத ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வெளியே கேட் பக்கம் வந்ததும் மெதுவாகத்தான் கேட்டாள்.

"நேத்து அவ்ளோ சொன்னேனே. ஒரு வார்த்தைகூட நம்பலையா நீ?"

"பாத்ததைத்தானே சொன்னேன். பொய் சொல்லச் சொல்றியா?" என்றார் அவர்.

பேக்கிங்குக்கு நாகேஷ் போனான். போர்வைக்குள் போனை வைத்துக்கொண்டு கேம் ஆடுகிறவன், அவனுக்குச் சிவப்பு சிவப்பாக வந்திருந்தது. சங்கமித்ரா பேண்டைக் கழற்றி சேஷகிரி மேஜையில் வைத்துவிட்டு அதே பிரஸ்ஸுக்குத் திரும்பி வந்தாள். இன்றைக்கும் அங்கேதான் நிற்கிறாள். அவள் மெஷின் இறங்குகிற ஒவ்வொரு தடவையும் என் கண் அவள் விரலுக்குத்தான் போகிறது.

வீட்டில் மட்டும் அவள் மாறிவிட்டாள். அசையாமல் படுப்பதை விட்டுவிட்டாள். இரைச்சல் தாங்காவிட்டால் எழுந்து உட்கார்ந்துகொள்கிறாள், ஃபேனைப் போடுகிறாள், ரேடியோவை வைக்கிறாள், அரிசி களைகிறாள். கட்டில் கத்தினால் கத்தட்டும் என்று இருக்கிறாள். அவரைப் பார்த்துப் பாவம் என்று இப்போது சொல்வதில்லை.

போன வாரம் அர்ஜுனன் எங்களை மெட்ரோ ஸ்டேஷனில் இறக்கிவிட வந்தார். கண் சிவந்து, முகம் வீங்கியிருந்தது. சங்கமித்ரா வண்டியிலிருந்து இறங்கித் திரும்பிப் பார்க்காமல் படியேறிப் போனாள். அவர் என்னை மட்டும் நிறுத்தினார்.

"அவளுக்கு இன்னா ஆச்சுன்னே புரியலக்கா. முன்னெல்லாம் எவ்ளோ நல்லா தூங்குவா."

அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் கள்ளம் துளிக்கூட இல்லை. நிஜமாகவே அவளுக்காகக் கவலைப்பட்டார். எனக்கு இருக்கிற வாய்க்கு அந்த இடத்தில் ஒரு வார்த்தைகூட வரவில்லை.