பெடல் அண்ணியின் சுருக்குப் பட்டியல்

அவளுக்கு அந்தப் பெயரை வைத்தது கொழுந்தன்தான். கல்யாணமான மூன்றாம் மாதம் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது, மேசைக்கடியில் அவளுடைய வலது கால் தன்பாட்டுக்கு மேலும் கீழும் போய்க்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டான். "அண்ணி, சாப்பிடத்தானே உக்காந்திருக்கீங்க? எந்த டாக்டர ஓட்டிக்கிட்டிருக்கீங்க?" என்றான். அன்றைக்கு ஒட்டிக்கொண்டது பெடல் அண்ணி. பிறகு அவனுக்குப் பிறந்த இரண்டும் பெடல் பெரியம்மா என்றே கூப்பிட்டு வளர்ந்தன.

வேலை அப்படிப்பட்டது. நோயாளியைப் பார்த்து முடித்த டாக்டர்கள் ஒரு கருவியில் பேசி வைப்பார்கள். அதைக் காதில் மாட்டிக் கேட்டு, அறிக்கையாகத் தட்ட வேண்டும். காலடியில் ஒரு பெடல். மிதித்தால் குரல் ஓடும், விட்டால் நிற்கும். டாக்டர்களில் ஒருவர் கொட்டாவி விட்டுக்கொண்டே பேசுவார். இன்னொருவர் கார் ஓட்டிக்கொண்டே பேசுவார், நடுவில் யாரையாவது திட்டுவார். பத்தொன்பது வருடம் இப்படியே. இரண்டாவது மாடி, இருபத்திரண்டு நாற்காலி, ஏசிக்காக நிரந்தரமாக அடைத்துவிட்ட ஜன்னல்கள். காலை எட்டுக்குப் போனால் ஆறாகும். தொள்ளாயிரம் வரி முடித்தவர் எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்று ஒரு விதி உண்டு. அந்த விதியால் ஐந்தரைக்கு முன்னால் வீடு போய்ச் சேர்ந்தவர் யாருமில்லை.

அவளுக்கு ஓர் அக்கா. பதினொரு வயது மூத்தவள். அம்மா ஆலை வேலைக்குப் போய்விட, குளிப்பாட்டித் தலைவாரிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியதெல்லாம் அக்காதான். சின்ன வயதிலேயே கால் ஆட்டும் பழக்கம் இவளுக்கு. "ஆட்டாதடி" என்று அக்கா வாயால் சொன்னதில்லை. முழங்கால் மேல் கையை வைப்பாள், கால் நின்றுவிடும். அந்த அக்கா ஒரு மழைக்காலத்தில் குளியலறையில் விழுந்தாள். வலது பக்கம் போயிற்று, பேச்சும் போயிற்று. ஒரே மகன் எங்கோ தூர தேசத்தில். பராமரிப்பு இல்லத்தில் சேர்த்தார்கள். பார்க்க அனுமதி நாலிலிருந்து ஐந்து மணி வரைதான். ஆறு மணிக்கு வேலை விடுகிறவளுக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் அக்கா.

நாலு மணி. அது ஒன்றுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

கம்ப்யூட்டரில் ஒரு மூலையில் எக்ஸ்பேண்டர் என்று ஒரு மென்பொருள் எல்லோருக்கும் போட்டுக் கொடுத்திருந்தார்கள். நாலெழுத்தைத் தட்டினால் நாலு வரியாக விரித்துக் கொடுக்கும். எந்த எழுத்துக்கு எந்த வரி என்று நாமே எழுதி வைக்க வேண்டும். முதலில் ஆசையாகத் தொடங்கியவர்கள், எழுதி வைத்த எழுத்துகள் மறந்துபோய் ஒரே வாரத்தில் விட்டுவிட்டார்கள். பெடல் அண்ணிக்கும் அப்படித்தான் ஆனது. ஆனால் அவளுக்கு மறக்காத விஷயம் ஒன்று உண்டு. யார் யாருக்கு என்ன உறவு, யார் எதனால் படுத்தார், யார் எதனால் போனார் என்பது.

ஆக, இதயக்கோளாறு வரிகளுக்கு 'அத்தை' என்று பெயர் வைத்தாள். அத்தை நெஞ்சு வலியில் போனவள். சர்க்கரைக்கு மாமா. நுரையீரலுக்குப் பெரியப்பா, அவர் விரலிடுக்கில் பீடி இல்லாமல் யாரும் பார்த்ததில்லை. மூட்டு வலிக்குச் சித்தி. எல்லாம் நன்றாயிருக்கிறது என்னும் நீண்ட பத்திக்கு என்ன வைப்பது என்று ஒரு நாள் முழுக்க யோசித்தாள். பேச்சு தெளிவு, கைகள் இரண்டும் நன்றாக அசைகின்றன, கால்கள் இரண்டிலும் வீக்கமில்லை, இரண்டு பாதங்களிலும் நாடி தெரிகிறது என்று ஒன்பது வரி. அதற்கு 'அக்கா' என்று வைத்தாள்.

பக்கத்து நாற்காலிக்காரிக்கு ரேடியோ என்று பெயர், வாய் ஓயாததால். எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "என்னடி இது, கல்யாணப் பத்திரிகை மாதிரி சொந்தக்காரங்க பேரா போட்டு வச்சிருக்க?"

"உனக்கென்ன? எனக்கு ஞாபகம் இருந்தாப் போதும்."

"உன் வீட்டுக்காரர் எங்க? அவரைக் காணோமே."

"அவருக்குத் தகுந்த வியாதி இன்னும் வரல."

இரண்டு மாதத்தில் கை ஓடத் தொடங்கியது. ஒரு திங்கட்கிழமை மூன்று நாற்பதுக்குத் தொள்ளாயிரம் முடிந்தது. பையை எடுத்துக்கொண்டு எழுந்தபோது இருபத்தொரு தலைகளும் திரும்பின. அன்று அக்கா அவளைப் பார்த்த பார்வையில், கிழமை தவறி வந்துவிட்டாளோ என்ற குழப்பம் இருந்தது. நாலாம் நாள் குழப்பம் தீர்ந்தது. பத்தாம் நாள் இடது கையால் நாற்காலியைக் காட்டினாள். பதினெட்டு வேலை நாள் இப்படிப் போனது.

பத்தொன்பதாம் நாள் மூன்று முப்பத்தைந்து. இன்னும் பன்னிரண்டு வரி பாக்கி. காரில் பேசுகிற டாக்டர், ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்து, "மற்றவை வழக்கம்போல்" என்று முடித்தார். அவள் 'அக்கா' என்று தட்டினாள். ஒன்பது வரி விழுந்தது. அனுப்பினாள், ஓடினாள்.

மறுநாள் மேலாளர் அம்மா தன் அறைக்குக் கூப்பிட்டாள். திரையில் அந்த அறிக்கை. மூன்றாவது வரியில், வலது கால் தொடையோடு எடுக்கப்பட்டவர் என்று இருந்தது. அதைத் தட்டியதும் அவளேதான். பதினோராவது வரியில் இரண்டு பாதங்களிலும் நாடி தெரிந்தது.

"இல்லாத காலுக்கு நாடி பார்த்திருக்கீங்க," என்றாள் மேலாளர் அம்மா. "டாக்டர் கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி படிச்சாரு, பிழைச்சோம்."

வேலை போயிற்று என்றே அவள் நினைத்தாள். மேலாளர் அம்மா திட்டவில்லை. பட்டியலைத் திறந்து அத்தை, மாமா, பெரியப்பா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க முகம் மலர்ந்தது. அதுதான் வினை.

"இத்தன நாள் இதை ஏன்மா எங்ககிட்ட காட்டல?"

அடுத்த திங்கட்கிழமை பட்டியல் எல்லாக் கம்ப்யூட்டரிலும் ஏறியிருந்தது. உறவுப் பெயர்களை எடுத்துவிட்டு எண் போட்டிருந்தார்கள். தொள்ளாயிரம் வரி ஆயிரத்து முந்நூறாகியிருந்தது. அவளுக்குக் கூடுதலாக ஒரு பொறுப்பு: விரித்துப் போட்ட பத்திகளில் இல்லாத கை, இல்லாத கால் ஏதாவது முளைத்திருக்கிறதா என்று எல்லோருடைய அறிக்கையையும் ஆறு மணி வரை பார்க்க வேண்டும்.

"நாலு மணிக்கு மட்டும் என்னை விட்டுடுங்க மேடம். அக்காவப் பார்க்கணும். மீதிய காலைல சீக்கிரம் வந்து முடிச்சுடுறேன்."

"நாலு மணிக்குத்தான் எல்லாரும் அனுப்புவாங்க. அப்ப நீங்க இல்லாம எப்படி?"

வெளியே வந்தால் ரேடியோ காத்திருந்தாள். சிரிப்பில்லை. "உன் குடும்பத்த மொத்தமா கூட்டிட்டு வந்து எங்க தலையில உக்கார வச்சிட்டியே, நல்லாயிருடியம்மா." அதன்பின் ஐந்து நாள் ரேடியோ பாடவில்லை. அந்த மாடியில் அதைவிடப் பெரிய தண்டனை கிடையாது.

புதன்கிழமை இல்லத்து நர்ஸ் போன் செய்தாள். "ஏம்மா, வர்றதில்லையா? நாலு மணியானா கதவையே பார்த்துக்கிட்டிருக்காங்க. அஞ்சு வரைக்கும் திரும்பிப் படுக்க மாட்டேங்கிறாங்க. முன்னெல்லாம் இப்படி இல்ல."

முன்னெல்லாம் எதிர்பார்க்க ஒன்றுமில்லாமல் இருந்தது. எதிர்பார்க்கப் பழக்கிவிட்டவள் இவளேதான்.

சுவரில் மணி நாலு. கண் திரையில் இருக்க, விரல்கள் பழக்கத்தில் 'அக்கா' என்று தட்டின. ஒன்றும் விரியவில்லை. சொல் மட்டும் தனியாக நின்றது. அதை அழித்துவிட்டு ஏழு என்று தட்டினாள். திரையில் கைகள் இரண்டும் நன்றாக அசைந்தன.

ஞாயிற்றுக்கிழமை நாலு அடிக்க இரண்டு நிமிடம் இருக்கும்போதே இல்லத்து வாசலில் நின்றாள். அக்கா அவளைப் பார்த்தாள், பிறகு சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நாற்காலியைக் காட்டவில்லை. இவளாகவே உட்கார்ந்தாள். என்னவென்று சொல்வது? வரி கூடிப்போச்சு அக்கா, என் கையாலேயே கூட்டிக்கொடுத்துட்டேன் என்றா? கால் மட்டும் கட்டிலுக்கடியில் மிதித்துக்கொண்டே இருந்தது.

முக்கால் மணி நேரம் கழித்து அந்த இடது கை போர்வைக்குள்ளிருந்து வெளியே வந்தது. தடவித் தடவி, அவள் முழங்காலில் வந்து உட்கார்ந்தது. கால் நின்றது.

அப்படியே இருந்தார்கள். ஐந்து மணிக்கு மணி அடித்தது. நர்ஸ் கதவருகே வந்து நின்றாள். கையை எடுக்க இவளுக்கு மனமில்லை. அக்காவும் எடுக்கவில்லை. கடைசியில் நர்ஸ்தான் வந்து, விரல் விரலாகப் பிரித்துப் போர்வைக்குள் வைத்தாள்.

படியிறங்கும்போதே கால் மறுபடி தொடங்கிவிட்டது. மறுநாள் திங்கட்கிழமை.