பத்து மணி வண்டி

எழுபதுகளின் முன்பாதியில் என் கணவர் சட்டமன்ற உறுப்பினராக இருந்தார். அந்த வருஷங்களில் எங்கள் வீடு பாதி ஆஸ்பத்திரியாக இருந்தது. செங்கல்பட்டில் ரயிலடிக்குப் பக்கத்துத் தெரு. காலையில் கதவைத் திறந்தால் வாசலில் நாலு பேர் நிற்பார்கள். ஒருவர் சட்டையைத் தூக்கி முதுகுக் கட்டியைக் காட்டுவார். இன்னொருவர் எக்ஸ்ரே படத்தை வெயிலுக்கு எதிரே பிடித்துக்கொண்டு, இந்த இடத்தில் ஒரு மாதிரி தெரிகிறதே, நீங்களே பாருங்கம்மா என்பார். எனக்கு என்ன தெரியும்? நான் பழைய எஸ்.எஸ்.எல்.சி. ஆனாலும் பார்ப்பேன். பார்க்காவிட்டால் அவர்களுக்கு மனசு ஆறாது.

அவருடைய வாரம் ஞாயிற்றுக்கிழமை மனு வாங்குவதில் தொடங்கும். சபை நடக்கும் நாட்களில் விடியற்காலை ரயில் பிடித்துக் கோட்டைக்குப் போய், விளக்கு வைத்த பிறகு திரும்புவார். சனிக்கிழமை கடற்கரைப் பக்கம் போவார். திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம், அங்கிருந்து கோவளம் வரைக்கும் உள்ள குப்பங்கள். கார் கிடையாது. உறுப்பினர்களுக்குக் கொடுக்கும் பஸ் பாஸ்தான். உட்கார இடம் கொடுத்தாலும் உட்காரமாட்டார். கண்டக்டருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே போவார். அங்கே நின்றால்தான் ஊர் நியாயம் காதில் விழும் என்பார். எனக்குத் தெரிந்து காதில் விழுந்ததைவிடக் காலில் மிதிபட்டதுதான் அதிகம். சனிக்கிழமை இரவு அந்தக் கால்களுக்கு வெந்நீர் வைத்தவள் நான்.

சுகாதாரத் துறை மேல் அவருக்குத் தனிப் பித்து. துறையின் வருஷச் செலவைச் சொல்லும் மானியக் கோரிக்கைப் புத்தகம் வந்துவிட்டால் சிவப்புப் பென்சிலோடு உட்கார்ந்துவிடுவார். எங்கள் கல்யாணப் பத்திரிகையைக்கூட அவ்வளவு கவனமாகப் படித்திருக்கமாட்டார். எந்த ஊரில் மருந்து கொடுக்க ஆள் இல்லை, எந்த ஊரில் பிரசவ அறைக்குக் கதவு இல்லை என்று கோடு போட்டு வைப்பார். கோடு போடுவது அவர் வேலை, எழுதுவது என் வேலை. அவர் எழுதியதைப் பார்த்து ஒரு அதிகாரி, இது தெலுங்கா என்று கேட்டுவிட்டாராம். அதிலிருந்து எல்லா மனுவையும் நான்தான் எழுதுவேன். அவர் கீழே கையெழுத்து மட்டும் போடுவார்.

மாமல்லபுரத்துக்கு வடக்கே ஒரு குப்பம். அங்கே ஆஸ்பத்திரி என்று எதுவும் கிடையாது. பிள்ளைத்தாச்சிப் பெண்கள் மணலில் நடந்து ரோட்டுக்கு வந்து பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டும். வாரம் ஒரு தடவையாவது டாக்டரும் நர்ஸும் ஒரு வேனில் அந்த ஊருக்கே போகவேண்டும் என்று இவர் ஒன்றரை வருஷம் அலைந்தார். கேள்வி நேரத்தில் கேட்டார், துணைக்கேள்வி கேட்டார், அதிகாரிகளின் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார். கடைசியில் ஒத்துக்கொண்டார்கள். எந்தக் கிழமை, எத்தனை மணி என்று மட்டும் உடனே எழுதித் தரவேண்டும் என்றார்கள்.

அன்றைக்கு அவர் ஒரு காலில் செருப்பு மாட்டிவிட்டு இன்னொரு செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். ரயிலுக்கு நேரமாகிவிட்டது. எத்தனை மணி என்று போட என்று கேட்டேன். நீயே பார்த்துப் போடு என்றார். புதன்கிழமை காலை பத்து மணி என்று போட்டேன். நான் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள். அடுப்பு வேலை முடிந்து, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய், ஒரு பெண் முதுகை நிமிர்த்துகிற நேரம் பத்து மணி. ஆம்பிளைகளுக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது என்று எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது. அவர் படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டு மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

வேன் போக ஆரம்பித்தது. முதல் நாள் இவர் போய் மாலை போட்டுக்கொண்டு வந்தார். அப்புறம் வேறு வேலைகள் வந்துவிட்டன.

எங்கள் வீட்டுக்கு மீன் கொண்டுவருகிற பெண் அதே குப்பத்துக்காரி. புதனும் சனியும் வருவாள். முதல் பஸ்ஸில் கூடையை ஏற்றக் கண்டக்டரோடு ஒரு சண்டை போட்டு, இறங்கும்போது இன்னொரு சண்டை போட்டு, நாலு தெரு சுற்றி எங்கள் வாசலுக்கு வந்து கூடையை இறக்குவாள். எம்.எல்.ஏ. வீடு என்று ஒரு மரியாதையும் கிடையாது. நான் செவுளைத் தூக்கிப் பார்த்தால், "இன்னாமா, பொண்ணு பாக்கறா மாரி பாக்கற" என்பாள். எனக்கும் வாய் உண்டு. இரண்டு பேரும் கத்துவதைக் கேட்டு மனு கொடுக்க வந்தவர்கள் ஒதுங்கி நிற்பார்கள். ஆனால் அவள் வராத நாளில் எனக்கு ஏதோ குறைந்த மாதிரி இருக்கும்.

அவளுக்கு அப்போது ஏழாம் மாசம். இதற்கு முன்னால் இரண்டு குழந்தைகள் பிறந்து, இரண்டும் தங்கவில்லை. அதை அவளாகச் சொல்லவில்லை. முதல் பிரசவமா என்று நான் கேட்டபோது இரண்டு விரலைக் காட்டி, கையை விரித்துவிட்டு, நெத்திலியை அள்ளிப் போட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் சுகாதார அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. வேன் போய் நிற்கிறது, ஆறு வாரமாக யாரும் வருவதில்லை, வயசானவர்கள் இரண்டு மூன்று பேர் தைலம் வாங்கிக்கொண்டு போகிறார்கள், ஆகையால் அடுத்த மாதத்திலிருந்து வேனை வேறு பக்கம் அனுப்ப உத்தேசம் என்று எழுதியிருந்தார்கள். இவர் அதை மூன்று தடவை படித்தார். சாப்பிடாமல் எழுந்துவிட்டார். இந்த ஜனங்களுக்காக எத்தனை பேர் காலைப் பிடித்தேன், நாலடி நடந்து வந்து காட்டக்கூட இவர்களுக்கு வலிக்கிறதா என்றார். அவர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. எனக்கு அவர்மேல் இரக்கமும் குப்பத்தின்மேல் ஆத்திரமுமாக வந்தது.

மறுநாள் புதன்கிழமை. மீன்காரி கூடையை இறக்குவதற்குள் பிடித்துக்கொண்டேன். உங்களுக்கெல்லாம் நன்றி என்று ஒன்று இருக்கிறதா, வீடு தேடி டாக்டர் வந்து நிற்கிறார், இரண்டு பிள்ளையைப் பறிகொடுத்தவள் நீயாவது போனாயா என்று ஒரு பாட்டம் கத்தித் தீர்த்தேன். கடைசி வார்த்தையைச் சொல்லியிருக்கக்கூடாது. சொல்லிவிட்டேன்.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். இந்தத் தடவை கத்தாமல் சொன்னாள்.

"வண்டி எத்தினி மணிக்கு வருது? பத்து. பத்து மணிக்கு நான் எங்க கீறேன்? தோ, உன் வூட்டு வாசல்ல கூடைய எறக்கிகினு கீறேன். எங்க ஊரு பொம்பளைங்க அல்லாரும் இப்டி எந்த வாசல்லயாவது நின்னுகினுதான் இருப்பாங்க. அங்க கெழடுங்களும் நாயும்தான் கீது. எவனோ நம்ம நெலம தெரியாதவன் போட்ட டைமு."

உள்ளே கூடத்துக் கடிகாரம் அடித்தது. நான் எண்ணவில்லை. எத்தனை அடிக்கும் என்று தெரியும். அவளுடைய ஊருக்கு டாக்டரை வரவழைத்துவிட்டு, அதே நேரத்தில் அவளிடம் என் வீட்டு வாசலில் மீனுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன், ஆறு புதன்கிழமையும். அவமானமாக இருந்தது. அந்த எவனோ நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை.

அப்போதுதான் அவள் பாதங்களைப் பார்த்தேன். வீங்கி, செருப்பு வார் சதைக்குள் புதைந்திருந்தது. நாலு நாளாகத் தலைவலி என்றாள். பெரியாஸ்பத்திரி பக்கத்தில்தான், இப்போதே போ என்றேன். மீன் கெட்டுடும் என்றாள். கூடையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தாள். நம்பிக்கை வரவில்லை என்று முகமே சொன்னது. இருந்தாலும் போனாள்.

நான் வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்து மீன் விற்றேன். மனு கொடுக்க வந்தவர்கள் முதலில் திகைத்தார்கள். அப்புறம் எம்.எல்.ஏ. வீட்டம்மாவிடம் வாங்காமல் போனால் காரியம் நடக்காதோ என்று பயந்து ஆளுக்குக் கொஞ்சம் வாங்கினார்கள். சுத்த சைவக்காரர் ஒருவர்கூடக் கால் கிலோ வாங்கிக்கொண்டு, அதை என்ன செய்வதென்று தெரியாமல் தெருமுனையில் நின்றார். எது சங்கரா, எது வவ்வால் என்று தெரியுமே தவிர எதை என்ன விலைக்கு விடுவது என்று எனக்குத் தெரியவில்லை. கேட்டவர் கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டேன். நல்ல மீனெல்லாம் முதலில் போய்விட்டது.

அவள் ஒரு மணிக்குத் திரும்பி வந்தாள். பிரஷர் ஏறியிருக்கிறதாம். உப்பைக் குறைக்க வேண்டும், வாரா வாரம் பார்க்க வேண்டும், எட்டாம் மாசத்துக்கு மேல் கூடையோடு பஸ்ஸில் அலையக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். பஸ் கூடாது என்றால் வாரா வாரம் அவள் இங்கே வந்து காட்ட முடியாது. கடைசி மாசங்களில் அவளுக்கு இருந்த ஒரே வழி அந்த வேன்தான். வேனை நிறுத்தப்போகிறார்கள். கூடையை எட்டிப் பார்த்துவிட்டு, நான் கொடுத்த காசை எண்ணி முந்தானையில் முடிந்துகொண்டு, கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டாள்.

அன்று மாலை அவர் வந்ததும் சொன்னேன். வீடு முழுக்க மீன் கவுச்சி. அவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் கேட்டார். மறுநாள் சபையில் சுகாதார மானியத்தின்மேல் அவர் பேச வேண்டிய நாள். துறை ஒழுங்காகத் தண்டோரா போடவில்லை, ஆகவேதான் ஆட்கள் வரவில்லை என்று சாடுவதற்குக் குறிப்பெல்லாம் தயார். சிவப்புப் பென்சிலில் இரண்டு பக்கம். அப்படியே பேசிவிடுங்கள் என்றேன். நேரத்தை மாற்றச் சொல்லுங்கள், பத்து மணி என்று யார் எழுதினார்கள் என்று யாருக்குத் தெரியப்போகிறது? சொல்லும்போதே எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் சொன்னேன். அவர் குறிப்புக் காகிதத்தை மடித்து ஜன்னலில் வைத்தார்.

"அவங்கள ஒரு வார்த்தை கேட்டோமா நாம?" என்றார். அவ்வளவுதான்.

காலையில் ரயிலுக்குப் போய்விட்டார். காகிதம் ஜன்னலிலேயே இருந்தது. இரவு திரும்பி வந்து, வேன் நாலு மணிக்கு மாறிவிட்டது, சாயந்திரம் நாலு மணி என்று மட்டும் சொன்னார். எப்படி என்று கேட்டேன். பேசினேன், ஒத்துக்கொண்டார்கள் என்றார். சாதம் இன்னும் கொஞ்சம் போடச் சொன்னார்.

வேன் நாலு மணிக்குப் போன முதல் புதன்கிழமை நானே பஸ் ஏறிப் போனேன். குப்பத்தில் மீன் விற்றுத் திரும்பிய பெண்கள் குளித்து ஈரத் தலையோடு மணலில் வரிசையாக நின்றார்கள். வரிசை வேனைச் சுற்றி வளைந்து வலை காயப்போட்ட இடம்வரை போயிற்று. நர்ஸுக்குத் தண்ணீர் குடிக்க நேரமில்லை. மீன்காரி முதல் ஆளாக நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும், "மீனு விக்க வந்தியா?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பத்து மணி என்று எழுதியவள் நான்தான் என்று அன்றைக்கு அந்த வரிசைக்கு முன்னால் சொன்னேன். அவள், நகரு, காத்து மறைக்குது என்றாள்.

ஒன்பதாம் மாசத்தில் ஒரு புதன்கிழமை பிரஷர் எகிறிவிட்டது. நர்ஸ் அவளை வீட்டுக்கு அனுப்பாமல் அந்த வேனிலேயே ஏற்றிச் செங்கல்பட்டுக்குக் கொண்டுவந்து பெரியாஸ்பத்திரியில் சேர்த்தாள். இரண்டு நாளும் இவர் கோட்டையிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போய் விசாரித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார். மூன்றாம் நாள் பெண் குழந்தை பிறந்தது. இரண்டு உயிரும் நலம் என்று வாசலில் நின்றே சொன்னார். சொல்லிவிட்டு அழுதார்.

சபை நடவடிக்கைகள் அச்சாகிப் புத்தகமாக வீட்டுக்கு வர மாதக்கணக்காகும். வந்ததும் அலமாரியில் அடுக்குவதோடு சரி. அந்தத் தடவை பிரித்துப் பார்த்தேன். அவர் பேசியது இருந்தது. "அந்த நேரத்தைக் குறித்துக் கொடுத்தவன் நான். அந்த ஊர்ப் பெண்கள் அப்போது எங்கே இருப்பார்கள் என்று நான் கேட்கவில்லை. இது அவர்கள் குற்றமும் இல்லை, துறையின் குற்றமும் இல்லை. வண்டியை எடுக்காதீர்கள், நேரத்தை மாற்றுங்கள்." மாண்புமிகு உறுப்பினர் மீனே சாப்பிடுவதில்லையா என்று ஒருவர் குறுக்கிட்டிருந்தார். பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் சிரிப்பு என்று அச்சடித்திருந்தார்கள். சாப்பிடுவேன், அது எப்போது யார் தலையில் வருகிறது என்று தெரியாமல் சாப்பிட்டேன் என்று இவர் பதில் சொல்லியிருந்தார்.

புத்தகத்தைக் கொண்டுபோய் அவர் முன்னால் போட்டேன். எழுதியது நான், இத்தனை பேர் சிரிப்பதற்கு நீங்கள் எதற்குத் தலையைக் கொடுத்தீர்கள் என்று கேட்டேன். எனக்குக் கோபமாக வந்தது. ஏன் என்றே தெரியவில்லை.

"கையெழுத்து யாருது?" என்றார். பேப்பரை விரித்து மறுபடி படிக்க ஆரம்பித்துவிட்டார். நான் உள்ளே போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அதற்கு அடுத்த புதன்கிழமை வாசலில் நின்று ஒரு முதியவரின் மூக்குக்கண்ணாடிக்காக மனு எழுதிக்கொண்டிருந்தேன். மீன்காரி வந்தாள். தலையில் கூடை, இடுப்பில் குழந்தை. கூடையை இறக்கவில்லை. குழந்தையை என் கையில் வைத்தாள்.

"இத்த நீ புடி. மீன நான் வித்துக்கறேன். உனுக்கு விக்கத் தெரில."

தெருவுக்குள் போய்விட்டாள். குழந்தை கனமாக இருந்தது, மூன்றாவது குழந்தை, தங்கிய குழந்தை. மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். பாதி எழுதிய மனுவின்மேல் மூத்திரம் போயிற்று. கூடத்தில் மணி பத்து அடித்தது. வேறு நாளாக இருந்தால் எரிந்து விழுந்திருப்பேன். முதியவரிடம் கொஞ்சம் இருங்கள் என்று சொல்லிவிட்டு, புதுத் தாள் எடுத்து முதலிலிருந்து எழுதினேன்.