பசிக்காத புரோகிராம்

"ஒரு வேலைய நான் கையால ரெண்டாவது தடவை செஞ்சதா சரித்திரமே கிடையாது. முதல் தடவை நான் செய்வேன். அதுக்கப்புறம் புரோகிராம் செய்யும்."

லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் சேர்ந்த முதல் நாளே புரோகிராமர் இப்படி அறிவித்தார். சரித்திரம் மறுக்கவில்லை, அது அந்த ஆபீஸ் பக்கம் வந்ததே இல்லை. அன்றிலிருந்து அவர் முகத்துக்கு நேரே 'சார்', முதுகுக்குப் பின்னால் 'ஒருதடவை'.

எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் மக்கர் பண்ணினாலும் கம்பெனிக்கு மெயில் வரும். வரவேற்பில் இருந்த பெண் அதைப் படித்து, எந்த மெக்கானிக் எத்தனை மணிக்கு எங்கே போக வேண்டும் என்று காலண்டரில் ஏற்றுவாள். உடனே மெக்கானிக்கின் போன் 'டிங்' என்னும். ஒரு நாளைக்கு நாற்பது டிங், ஆறு வருடமாக. இப்போது அவளுக்கு ஏழாவது மாதம்.

மேனேஜர் பெரிய மனது பண்ணினார். "தாராளமா லீவுல போம்மா. அதுக்குள்ள சார் புரோகிராம் போட்டுட்டார்னா நிம்மதியா இரு. போடலைன்னா, வீட்ல இருந்தே மெயிலைப் பாத்துக்க. குழந்தை எப்படியும் தூங்கிட்டேதானே இருக்கும்?"

மேனேஜருக்கு மூன்று பிள்ளைகள். மூன்றும் தூங்கிக்கொண்டே வளர்ந்ததாகத்தான் அவருக்கு ஞாபகம்.

அவள் நேராகப் புரோகிராமரின் மேஜைக்கு வந்தாள். "அண்ணா, என்னைக் காப்பாத்துங்க. ரெண்டு மாசம்தான் இருக்கு."

"ரெண்டு மாசமா? ரெண்டு நாள் வேலைம்மா. நல்ல லைப்ரரி ஒண்ணு எடுத்தா முடிஞ்சுது."

லைப்ரரி என்றதும் புத்தக அலமாரியை நினைக்க வேண்டாம். யாரோ எழுதிக் கட்டி வைத்த புரோகிராம் மூட்டை அது. நம் புரோகிராமோடு சேர்த்துக்கொண்டால், கிளவுடில் கிடக்கும் மெயிலைத் திறப்பது, காலண்டரில் எழுதுவது எல்லாவற்றையும் அதுவே பார்த்துக்கொள்ளும். ஒரே ஒரு சிக்கல்: அப்படிப்பட்ட மூட்டைகள் மூன்று இருந்தன.

முதலாவது, மெயில் சேவைக்காரர்களே கொடுப்பது. ஒரு கடிதம் படிக்கக் கூப்பிட்டால் குடும்பத்தோடு வந்து தங்கிவிடும் அளவுக்குப் பெரியது. இரண்டாவது, யாரோ ஒரு தனி மனிதர் ஓய்வு நேரத்தில் எழுதியது. கச்சிதம்தான், ஆனால் அவருக்கு ஒரு ஜலதோஷம் வந்தால் ஊர் லிஃப்ட்டெல்லாம் என்ன ஆவது? எதிர்காலத் திட்டம் என்னவென்று கேட்டு அவருக்கு மெயில் போட்டார். 'விடுமுறையில் இருக்கிறேன்' என்று தானாகப் பதில் வந்தது. மூன்றாவது எந்தக் கம்பெனி மெயிலோடும் பேசும். மூன்று வருடமாக அதை யாரும் தொடவில்லை.

ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அட்டவணை போட்டார். முதல் வாரம் பதினான்கு பத்திகள். மாதக் கடைசியில் முப்பத்தொன்று: எத்தனை பேர் டவுன்லோடு செய்தார்கள், எத்தனை பேர் திட்டினார்கள், திட்டியவர்களுக்கு எத்தனை நாளில் பதில் கிடைத்தது.

"மூணுல எது மெயிலைத் திறக்கும்ணா?"

"மூணும் திறக்கும்."

"எது காலண்டர்ல எழுதும்?"

"மூணும் எழுதும்."

"அப்ப கண்ண மூடிட்டு ஒண்ண எடுங்களேன்!"

"இது என்ன குலுக்கலா? தப்பா எடுத்துட்டா எல்லாத்தையும் திரும்ப எழுதணும். ரெண்டாவது தடவை எழுதற பழக்கம் எனக்கு இல்லம்மா."

"உங்க தேதிய எத்தனை தடவை வேணா தள்ளிப் போடுங்க. என் தேதி தள்ளிப் போகாது."

அட்டவணையைக் கையால் நிரப்புவது கொள்கைக்கு விரோதம் என்பதால் அதற்கொரு புரோகிராம் எழுதினார். அது ரெண்டே நாளில் தயாரானது, பிரமாதமாக ஓடியது. தினமும் காலையில் மூன்று லைப்ரரிக்கும் புதிதாக மதிப்பெண் போட்டது. தினமும் வேறொன்று முதலிடம் பிடித்தது.

அவள் லீவில் கிளம்பிய அன்று, எல்லோருக்கும் நடுவில் மேனேஜர் கேட்டார்: "சார், ரெடிதானே?"

அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவரையே பார்த்தாள்.

"ரெடி," என்றது அவர் வாய். அதைக் கேட்டு முதலில் திடுக்கிட்டவர் அவர்தான்.

திங்கட்கிழமை எட்டு மணிக்கே வந்து அறைக்கதவைச் சாத்திக்கொண்டார். முதல் மெயிலைத் திறந்தார், படித்தார், காலண்டரில் கையால் ஏற்றினார். டிங். அப்புறம் இரண்டாவது. அவள் விட்டுப்போன நோட்டைப் பக்கத்தில் விரித்து வைத்திருந்தார். ஆஸ்பத்திரி லிஃப்ட் என்றால் மற்றதெல்லாம் அப்புறம். துணிக்கடைக்காரர் 'அவசரம்' என்றால் அவசரமில்லை.

"புரோகிராமுக்கு மனுஷ மூளை சார்!" என்று வியந்தார் மேனேஜர்.

"ஆமாங்க," என்றார்.

மூன்றாவது வாரம் அவளிடமிருந்து போன்.

"அண்ணா, பொண்ணு பொறந்திருக்கா. ஒம்பது நாளாச்சு."

"ரொம்ப சந்தோஷம்மா!"

"காலண்டர் இன்னும் என் போனுக்கும் வருது. ஒரு சந்தேகம். கடைசில எந்த லைப்ரரி எடுத்தீங்க?"

"ஏன் கேக்கற?"

"தினமும் ஒண்ணுலேருந்து ரெண்டு வரைக்கும் ஒரு டிங் கூட வரல. உங்க புரோகிராம் சாப்பிடப் போகுதா?"

அவர் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். "அது… பராமரிப்பு நேரம்மா."

"மேனேஜரும் காலண்டர் பாப்பார்ணா. கண்ணுல பட்டா நாளைக்கே எனக்குத்தான் போன் வரும்." பின்னால் குழந்தை வீறிட்டது. "கேக்குதா? தூங்கிட்டே இருக்கா," என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

மறுநாள் ஒன்று பன்னிரண்டுக்கு ஒரு டிங் வந்தது. ஒன்று இருபதுக்கு இன்னொன்று. டிபன் டப்பாவைக் கீபோர்டுக்குப் பக்கத்தில் திறந்து வைத்து, வலது கையால் சாப்பிட்டபடி, இடது கையின் ஒற்றை விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டிக்கொண்டிருந்தார் ஒருதடவை. அறுநூற்று முப்பத்திரண்டாவது தடவை.