பெருமாள் கோயில் தெரு

அருப்புக்கோட்டையில் பாழாய்க் கிடந்த அந்தப் பழைய வீட்டைப் புதுப்பித்து இரண்டு போர்ஷனாகப் பிரித்திருந்தார்கள். தேக்குத் தூண்களை அப்படியே விட்டுவிட்டு, தரைக்கு மட்டும் டைல்ஸ் போட்டிருந்தார்கள். பேக்கரியும் ஜிம்மும் வந்து, செத்துக் கிடந்த தெருவுக்கே உயிர் வந்திருந்தது. ஒரு போர்ஷனில் வீட்டுக்காரம்மா இருந்தார். மற்றதை வாடகைக்குக் கேட்டுப் போனேன்.

"திருச்சுழிப் பக்கமா? ஊர்ல எந்தத் தெரு?" என்றார்.

தெருவைக் கேட்டால் சாதியைக் கேட்பதாக அர்த்தம். எங்கள் பக்கத்தில் இது எல்லோருக்கும் தெரியும்.

"பெருமாள் கோயில் தெரு" என்றேன். எங்கள் வீடு ஊருக்கு வெளியே, காலனியில். ஆபீஸில் சமத்துவம் பற்றி வாய் கிழியப் பேசுகிறவன் நான். சாவி கைக்கு வந்தது.

பால் காய்ச்ச அம்மா வந்தாள். அவளிடம் முன்கூட்டியே சொல்லிவைக்க எனக்கு வாய் வரவில்லை. பால் டம்ளரை வாங்கிக்கொண்டே வீட்டுக்காரம்மா கேட்டார்: "பெருமாள் கோயில் தெருவுல உங்க வீடு எங்கிட்டும்மா இருக்கு?"

அம்மா என்னை ஒருமுறை பார்த்தாள்.

"கோயிலுக்கு எதுத்தாப்புலதாங்க" என்றாள்.

சாப்பிடக்கூட நிற்காமல் அடுத்த பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டாள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு அவள் நடந்து போவதைப் பார்த்தபடி நின்றேன். நான் சொன்ன அந்தத் தெருவில் அவள் ஒருநாளும் செருப்புப் போட்டு நடந்ததில்லை.