அஞ்சலையின் பாதி

புதுச் சுண்ணாம்பின் கார நெடி மூக்கில் ஏறினால் இன்றைக்கும் எனக்குப் பரீட்சைப் பயம் வந்துவிடும். நெய்வேலியில் வரிசை வரிசையாகக் "குவார்ட்டர்ஸ்" கட்டிக்கொண்டிருந்த காலம் அது. வெள்ளையடித்து முடித்து, யாருக்கும் ஒதுக்காமல் கிடந்த ஒரு வீட்டின் வெறுந்தரையில் உட்கார்ந்துதான் நான் எஸ்.எஸ்.எல்.சி.க்குப் படித்தேன். அப்பாவுக்குச் சுரங்கத்தில் "நைட் ஷிப்ட்" என்றால் பகலெல்லாம் தூக்கம். வாய்விட்டுப் படித்தால்தான் பாடம் மண்டையில் ஏறும் என்று எல்லோரும் நம்பிய அந்த நாளில், அம்மா மட்டும், "அப்பா தூங்குதாவ, உதடு மட்டும் அசையட்டும்" என்று திருநெல்வேலிப் பேச்சில் அதட்டுவாள்.

அந்தப் பேச்சுதான் எனக்கும். வகுப்பில் வாயைத் திறந்தால் சிரித்தார்கள். நானும் வாயைத் திறப்பதை விட்டுவிட்டேன். சிரித்துவிட்டும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவள் அஞ்சலை ஒருத்திதான். பக்கத்துக் கிராமமான வடக்குத்தைச் சேர்ந்தவள்; அவள் அப்பா சுரங்கத்தில் "காண்ட்ராக்ட்" கூலி. காலி வீட்டைக் கண்டுபிடித்தவளும் அவள், படிக்கும் வழியைக் கண்டுபிடித்தவளும் அவள். நான் விஞ்ஞானம், அவள் சரித்திரம். ஆளுக்குப் பாதியாகப் படித்து, ஒருத்திக்கு ஒருத்தி சொல்லிக்கொள்ள வேண்டும் என்று பங்கு பிரித்தாள்.

"அண்ணன் தம்பிங்க அடிச்சிகினு, பெத்த கெழவனையே உள்ள வச்சிப் பூட்டிட்டானுங்கடி" என்று அவள் மொகலாயர் கதையைச் சொன்னால், பக்கத்துத் தெரு வம்பு போல அது மனசில் ஒட்டிக்கொள்ளும். நான் நெம்புகோலையும் பிராணவாயுவையும் சொல்வேன். புரியும்வரை அவள் விடமாட்டாள். ஏன், எதற்கு என்று குடைந்தெடுப்பாள். அந்தக் குடைச்சலில்தான் எனக்கே பாடம் புரிந்தது. பாஸானால் கடலூரில் டீச்சர் டிரெயினிங், இல்லையென்றால் ஊரில் மாமா வீட்டோடு போய் இருக்க வேண்டியதுதான் என்று அப்பா கறாராகச் சொல்லியிருந்தார். அஞ்சலை வீட்டில் அப்படியொரு பேச்சே எழுந்ததில்லை. ஆனாலும் தானும் பாஸாகி என்னோடு கடலூருக்கு வருவதாக அவளாகவே முடிவு செய்திருந்தாள்.

பரீட்சை நெருங்கும்போது அவள் அப்பாவின் காண்ட்ராக்ட் முடிந்துபோயிற்று. முந்திரிப் பருவம் வேறு. குள்ளஞ்சாவடிப் பக்கம் ஒரு தோப்பில் கொட்டை பொறுக்கக் குடும்பத்தோடு கிளம்பினார்கள். மொகலாயர்கள் வரைக்கும் சொல்லி முடித்திருந்தாள்.

"வெள்ளக்காரன் பாடத்த நீ தொடாத. பரீட்சைக்கு முன்னாடி நானே வந்து சொல்றேன்" என்றாள்.

அதன் பிறகு அந்த வீட்டில் நான் மட்டும். விஞ்ஞானத்தைச் சுவருக்குச் சொன்னேன்; சுவர் என் குரலையே திருப்பித் தந்தது. ஷிப்ட் மாறும் சங்கு ஊதினால் கொஞ்ச நேரம் ஆள் நடமாட்டம், பிறகு மறுபடி வெயிலும் நானும்தான். வெளியே காலடிச் சத்தம் கேட்டால் ஓடிப் போய் எட்டிப்பார்ப்பேன்; யாராவது கொத்தனார் போய்க்கொண்டிருப்பார். சரித்திரப் புத்தகத்தின் கடைசிப் பாடங்களை நான் திறக்கவே இல்லை. சோம்பல் அல்ல. அவற்றை நானே படித்துவிட்டால், அவள் வரமாட்டாள் என்று நானே ஒப்புக்கொண்டது மாதிரி ஆகிவிடும் என்று பயந்தேன். அம்மா, அப்பா எல்லோரும் இருந்தும், அந்தக் கோடையில் இருந்ததுபோல நான் தனியாக இருந்ததே இல்லை.

பரீட்சை ஹாலில் அவள் நம்பர் எழுதிய பெஞ்சு எனக்கு முன்னால் காலியாக இருந்தது. மணி அடித்து, கேள்வித்தாள் கைக்கு வந்த பிறகும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். சரித்திரத்தில் அவள் சொன்ன வரைக்கும் எழுதினேன்; வெள்ளைக்காரர்களைப் பற்றிக் கேட்டதை அப்படியே விட்டுவிட்டேன். தட்டுத்தடுமாறிப் பாஸும் ஆனேன். லீவில் வடக்குத்துக்குப் போய் விசாரித்தபோது, தோப்பு வேலை முடிந்து எங்கேயோ பிழைக்கப் போய்விட்டதாகச் சொன்னார்கள். நான் கடலூருக்குத் தனியாகத்தான் பஸ் ஏறினேன்.

அந்த வரிசை வீடுகளை எப்போதோ இடித்துவிட்டார்கள். வாய்விட்டுப் படிக்கும் சத்தமும் இப்போது எந்தத் தெருவிலும் கேட்பதில்லை. போன வாரம் பேத்தி தன் போனில் எதையோ பார்த்துவிட்டு, படித்ததை இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுத்தால் சாகும்வரை மறக்காதாம் பாட்டி என்றாள். உண்மைதான். அப்படியென்றால் எனக்குச் சொல்லிக்கொடுத்த சரித்திரம் முழுவதும் அஞ்சலைக்கு இன்னும் தெரிந்திருக்கும். அதிலிருந்து அவளை ஒரு கேள்விகூட யாரும் கேட்கவில்லை.